பிறந்த ஊர் ஹூஸ்டன்

அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் இழுத்து விடுறீகளா? பிள்ளைக்கு எதுத்த காத்து ஆகாது. ஆங், போதும் போதும். மடியில விடைத்தாள் கட்டு இருக்கே, டீச்சரா? நெனச்சேன். கமுதி வரைக்குமா? நான் சாயல்குடி. நல்லதாப் போச்சு, பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளாச்சு. ஞாயித்துக்கெழமை அதுவுமா பேப்பரச் சுமந்துக்கிட்டு அலையுறீகளே, உங்க பாடும் பாடுதான்.

எம்பிள்ளையான்னா கேக்குறீக? கேட்ட வாய்க்குச் சக்கரை போடணும். இல்ல டீச்சர், தம்பி மகன். எனக்கு மருமகன் முறை. விசாகத்துல பொறந்தான், விசாகன். ரெண்டே கால் வயசு ஆகுது. ஏழு மாசக் கொழந்தையிலருந்து எங்கையிலதான் வளருறான். பெத்தவ அமெரிக்காவுல இருந்தா. இப்ப வந்திருக்கா. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு மெட்ராசுல இவனுக்கு விசா நேர்காணல், அதுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கா. இந்நேரம் மதுரையில எங்க வீட்டு வாசல்ல நிப்பா. நிக்கட்டும். வீட்டப் பூட்டிட்டு நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். சாயல்குடியில எங்க சித்தி மக வீடு இருக்கு. பத்து நாள் அங்க இருந்தா போதும். அவளுக்கு லீவே பத்து நாளுதான்.

ஏன் அப்படிப் பாக்குறீக? முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு, நான் செஞ்சதுல எது தப்புன்னு நீங்களே சொல்லுங்க. இதுவரைக்கும் யாரும் தப்புன்னு சொன்னதில்ல.

எங்கம்மா சாகும்போது தம்பிக்கு ஒம்பது வயசு, எனக்கு இருவத்தொண்ணு. என்னையக் கட்டிக் குடுத்த எடத்துல ஆறு வருசம் இருந்தேன். வயித்துல ஒண்ணும் தங்கல. கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாக. அது கெடக்குது, அந்தக் கதை வேணாம். அன்னையிலருந்து எனக்கு எல்லாமே தம்பிதான். சேகர்னு பேரு, பொன்சேகர். எஞ்சினியருக்குப் படிச்சான். அமெரிக்கா போகணும், அமெரிக்கா போகணும்னு தூக்கத்துலகூட அதே பேச்சு. மூணு தடவ விசாவுக்குப் போனான். மூணு தடவயும் இல்லைன்னுட்டாக. மூணாந்தடவ வந்து சட்டையக் கழட்டாம சுவத்தப் பாத்துப் படுத்துட்டான்.

அப்பத்தான் தரகர் ஒரு ஜாதகத்தக் கொண்டாந்தாரு. ஜாதகத்துல பொறந்த ஊருன்னு போட்டிருக்கும்ல? எல்லாருக்கும் திருச்சுழி, பரமக்குடின்னு இருக்கும். இந்தப் பொண்ணுக்கு ஹூஸ்டன்னு போட்டிருந்துச்சு. தரகருக்கு அது எந்த ஊருன்னே தெரியல. நாந்தான் தம்பியக் கூப்பிட்டு இது எங்கிட்டு இருக்குன்னு கேட்டேன். கையில வாங்குனவன் ஜாதகத்தக் கீழ வைக்கல. 'அக்கா, இந்தப் பொண்ணு அங்க பொறந்தவக்கா, பொறந்தாலே அந்த நாட்டுக்காரிதான்'னான். எத்தனையோ வருசம் கழிச்சு அன்னைக்குத்தான் சிரிச்சான்.

அவுகப்பா காலேஜு வாத்தியாரு. ஏதோ ஆராய்ச்சிக்குன்னு ஒரு வருசம் அங்க போயிருக்காரு, மாசமா இருந்த பொண்டாட்டியையும் கூட்டிட்டு. போன எடத்துல இவ பொறந்துட்டா. பதினோரு மாசத்துல தூக்கிக்கிட்டு ஊரு திரும்பிட்டாக. அந்தப் பொறப்புச் சான்றிதழ அந்த மனுசன் ஒருநாளும் எடுத்துப் பாத்ததில்ல டீச்சர். மொட்டை போட்ட போட்டோவோட சேத்து டிரங்குப் பெட்டிக்குள்ள கெடந்துச்சு. உங்க மக இதக் காட்டி உரிமை கேக்கலாம்னு அவுகளுக்கு விவரம் சொன்னதே நாங்கதான். இல்லாட்டி அது இன்னைக்கும் கரப்பான் அரிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கும்.

பொண்ணு பாக்கப் போனோம். மிருதுளான்னு பேரு. இருவத்தொம்பது வயசு. ஏன் அதுவரைக்கும் ஆகலைன்னா, பேச்சு திக்கும். ஒரு வார்த்தைய ஆரம்பிச்சான்னா முடிக்கிறதுக்குள்ள நாம ஒரு வேலையச் செஞ்சுட்டு வந்துறலாம். அம்மா கெடையாது, இவளுக்குப் பதினஞ்சு வயசு இருக்கும்போதே தவறிட்டாக. காப்பி கொண்டாந்தா. தம்பி தல நிமிந்து பாக்கல. 'அந்தச் சான்றிதழக் கொஞ்சம் காட்டுறீகளா'ன்னான். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தான். முன்பக்கம் ஒரு போட்டோ, பின்பக்கம் ஒரு போட்டோ எடுத்து அங்க இருக்குற கூட்டாளிக்கு அனுப்புனான். அசல்தான்னு பதில் வந்த பெறகுதான் காப்பியத் தொட்டான். ஆறிப் போயிருந்துச்சு. 'பொண்ணப் பிடிச்சிருக்கா தம்பி'ன்னு அவுகப்பா கேட்டாரு. 'பிடிச்சிருக்கு சார்'னான். இதுக்கு மேல ஒரு ஆம்பளை எப்படிச் சொல்லுவான்?

பத்துப் பொருத்தத்துல மூணுதான் வந்துச்சு. ஜோசியர் வேணாம்னாரு. ஊரு பொருந்துதுல்ல, அது போதும்னு நான் முடிச்சு வச்சேன்.

டிக்கெட்டா? எடுத்தாச்சே கண்டக்டரே, ஏறுனதுமே எடுத்தாச்சு. பிள்ளைக்கு எதுக்கு, மூணு வயசு ஆகலையே.

போன் மறுபடி அடிக்குது பாருங்க. அவன் கையிலயே இருக்கட்டும் டீச்சர், வாங்கிறாதீக, கத்துவான். சத்தத்த மட்டும் கொறச்சு விட்டுட்டேன். இவன் அந்தப் போனுக்கு என்ன பேரு வச்சிருக்கான் தெரியுமா? அம்மா. முன்னாடியெல்லாம் அவ தெனம் அதுல முகத்தக் காட்டுவாளா, இவனுக்கு அம்மான்னா அந்த டப்பாதான். 'அத்தை, அம்மா அடிக்கு'ம்பான். என்னைய அம்மான்னு கூப்பிடச் சொல்லி எம்புட்டோ சொல்லிக் குடுத்தேன். முட்டாயி குடுத்துக்கூடச் சொல்லிப் பாத்தேன். முட்டாயத் தின்னுட்டு அத்தைங்கிறான்.

எங்க விட்டேன்? ஆங், பாஸ்போர்ட்டு. கல்யாணம் முடிஞ்சு மூணே மாசத்துல அவளுக்கு அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டு வந்துருச்சு. வீட்டுல வடை பாயாசம். அவ என்ன சொன்னா தெரியுமா? 'ம-ம-மதினி, நான் முன்னாடி போயி வேலை தேடிக்கிறேன், அவுகளப் பெறகு கூப்பிட்டுக்கிறேன்'ங்கிறா. அப்படித்தான் முறையாம், அவ அங்க குடியிருந்தாத்தான் புருசனக் கூப்பிட முடியுமாம். நான் என்ன காதுல பூ வச்சுக்கிட்டா இருக்கேன்? இவ போயிட்டு எம்தம்பிய விட்டுட்டா? பாஸ்போர்ட்ட வாங்கி எம்பீரோவுல வச்சுப் பூட்டுனேன். தொலைஞ்சு போயிறக் கூடாதுல்ல. தம்பிக்கு மனுவ மட்டும் இங்கருந்தே போட வச்சோம்.

அதுக்குள்ள இவன் வயித்துல வந்துட்டான். அவுகப்பா எனக்குப் போன் போட்டாரு. 'அம்மா, அங்க என் தங்கச்சி மக இருக்கா. அஞ்சாம் மாசத்துலயே போயிட்டான்னா பிரசவத்த அங்கயே பாத்துக்கலாம். பிள்ளைக்கும் அந்த ஊரு உரிமை வந்துரும்'னாரு. நல்லாத்தான் பேசுனாரு. எனக்கு அந்த நல்ல பேச்சுதான் பிடிக்கல. 'தலப்பிரசவம் பொறந்த வீட்டுலதான் நடக்கணும், அதான் எங்க வழக்கம்'னேன். 'தாயில்லாத பிள்ளைம்மா, இங்க பாக்க யாரு இருக்கா'ன்னாரு. 'தாய் இல்லாட்டி என்ன, தகப்பன் இருக்கீகள்ல'ன்னேன். மனுசன் போன வச்சுட்டாரு. வழக்கம்னு சொல்லிட்டா யாரும் ஒண்ணும் பேச மாட்டாக டீச்சர். நெசத்தச் சொல்றேனே, அவ வயித்தத் தள்ளிக்கிட்டு பிளேன் ஏறிட்டா, பிள்ளையும் போயிரும், பிடியும் போயிரும். அம்புட்டுதான்.

பிள்ளைக்கு உரிமை என்ன, தாய்க்கு இருந்தா பிள்ளைக்குத் தானா வரும்னுதான் நான் நெனச்சேன். எங்கப்பன் நெலம் எங்களுக்கு வரலையா? அது மாதிரி. அவ ஒருநாள் அடுப்படிக்கு வந்தா. 'ம-மதினி, நான் அங்க அஞ்சு வருசம் இருந்திருந்தாத்தான் பி-பி-பிள்ளைக்கு வருமாம், நான் இ-இ-இருந்தது...'ன்னு ஆரம்பிச்சா. அதுக்குள்ள குக்கர் மூணு விசில் அடிச்சிருச்சு. நான் எந்திரிச்சுப் போயிட்டேன். பருப்பு கொழையாம நான் என்ன செய்ய? திரும்பி வந்தப்போ அதே எடத்துலதான் நின்னா. 'என்னமோ சொன்னியே'ன்னேன். ஒண்ணுமில்லன்னு தலைய ஆட்டிட்டா. பேச்சுத்தான் திக்கும், தலையாட்டுறதுக்கு என்ன? அன்னைக்கே அழுத்திச் சொல்லியிருந்தா இம்புட்டும் வந்திருக்குமா? நான் கேட்டேனே, என்னமோ சொன்னியேன்னு. கேட்டேனா இல்லையா?

வளைகாப்பு நடத்தி அனுப்பி வச்சோம். அந்த மனுசன் கண்ணாடியப் போட்டுக்கிட்டு, நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு பத்தியக் கொழம்பு வைக்கிறாரு. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. ஒரு எஞ்சோட்டுக்காரிக்கு அத வீடியோ எடுத்து அனுப்புனேன். அருப்புக்கோட்டையில இவன் பொறந்தான்.

ஆமா, அருப்புக்கோட்டைதான் அவுக ஊரு. இந்தா, இப்ப வரப்போகுதே, அதேதான். பஸ்ஸு பத்து நிமிசம் நிக்கும், டீ குடிப்பாக. அப்பப் பிள்ளைமேல துண்டப் போட்டு மூடிக்கிறணும். புரொபசர் சீனிவாசகம்னா ஊருல எல்லாருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால தண்ணித் தொட்டி இருக்கு பாருங்க, அதுக்கு எதுத்த வீடு. வேப்பமரம் நிக்கும் வாசல்ல.

பிள்ளையத் தூக்கிக்கிட்டு அமெரிக்கா ஆபீசுக்குப் போனா, தாய் அங்க பதினோரு மாசந்தான் இருந்திருக்கா, பிள்ளைக்கு உரிமை கெடையாதுன்னுட்டாக. தனியா மனுப் போட்டுக் காத்திருக்கணுமாம். தம்பிக்கு மட்டும் விசா வந்துருச்சு. இப்ப என்ன செய்ய? பிள்ளைக்காக அவன் நிக்க முடியுமா? அவ 'நான் இ-இ-இருக்கேன், அவுக போகட்டும்'னா. அவ முன்னால போனாத்தான் அவனுக்கு உள்ள எடமே. 'ஒரு வருசந்தான, நான் பாத்துக்கிறேன், ரெண்டு பேரும் கெளம்புங்க'ன்னேன். மறந்துறாதீக டீச்சர், ஏழு மாசக் கொழந்தைய யாரு பாத்துக்கிறேன்னு சொல்லுவா? நான் சொன்னேன்.

பால் மறக்கடிக்கணும்ல. நானே கிண்ணத்துல வேப்பெண்ணெய் ஊத்திக் குடுத்தேன். மாருல தடவிக்கிட்டு உக்காந்திருந்தா. இவன் வாய வச்சுட்டு மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு அவளையே பாத்தான். மறுபடி வச்சான், மறுபடி சுளிச்சான். நாலு நாளு. அஞ்சாவது நாள் அவகிட்டப் போகவே இல்ல, எங்கிட்ட வந்துட்டான். எனக்கு அன்னைக்கு ஒடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சு டீச்சர். மொத மொதல்ல ஒரு பிள்ளை தானா எங்கிட்ட வந்துச்சு. பிளேனுக்குக் கெளம்புற அன்னைக்கு அவ சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு. 'துண்டப் போத்திக்க, பாக்குறவுக என்ன நெனப்பாக'ன்னு நாந்தான் துண்டு குடுத்தேன். மத்தவளா இருந்தா குடுப்பாளா?

பிஸ்கட்டு தின்னுறியாடா? இந்தா. ஒரு கையால தின்னு. போன விட மாட்டேங்குறான் பாருங்க.

அங்க போயி தம்பிக்கு வேற ஊருல வேலை கெடைச்சிருச்சு. அவ ஒரு ஊரு, அவன் ஒரு ஊரு. அவன் இருக்குற வீட்டுல இன்னொரு பொண்ணும் இருக்குதாம். வாடகையப் பகுந்துக்கிறதுக்கு. அந்த ஊருல அது சகஜமாம். இவ அதப் பெருசாக்கிட்டா. தம்பிக்கு அங்க தங்குறதுக்கு ரெண்டு வருச அட்டைதான் குடுத்திருக்காக. முடியும்போது, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் குடித்தனம் பண்றோம்னு சேந்து கையெழுத்துப் போட்டாத்தான் நெரந்தரமாக் கெடைக்குமாம். இவ போட மாட்டேன்னுட்டா. 'பொ-பொய்யி ம-மதினி'ங்கிறா. பெரிய அரிச்சந்திரன் மக. பொண்டாட்டி புருசனுக்காக ஒரு கையெழுத்துப் போடுறது பொய்யா டீச்சர்? நீங்க பள்ளிக்கூடத்துல போடாத கையெழுத்தா?

அதுக்குத்தான் நான் போனக் குடுக்குறத நிப்பாட்டுனேன். ஆறு மாசம் ஆச்சு. அவ திக்கித் திக்கிப் பேசுறது பிள்ளைக்கும் தொத்திக்கிரும்னு சொல்லிட்டேன். நெசந்தான அது? பிள்ளை நல்லது நமக்குத்தான முக்கியம். ஆனா பாருங்க, ஆறு மாசமா அவ குரலே கேக்கல, இப்பத்தான் இவன் சில சமயம் 'அ-அ-அத்தை'ங்கிறான். அது பயத்துல வர்றது, சரியாயிரும்.

வெள்ளிக்கெழமை வந்து எறங்குனா. இவனுக்கு விசா நேர்காணல் தேதி வந்துருச்சுன்னு ஓடி வந்திருக்கா. ஒரு பொட்டி நெறைய பிள்ளைச் சட்டை. எல்லாம் பத்தாது, ஒரு வயசுப் பிள்ளைக்கு வாங்குன அளவு. தரையில உக்காந்து கைய நீட்டுனா. இவன் என் சேலைக்குப் பின்னாலயே நின்னான். அவ அழுதா. இவனுக்கு அழுகுறவுகளக் கண்டா பாவமா இருக்கும், எம்பிள்ளையில்ல. மெதுவா நடந்து போயி, மேசையில இருந்த போன எடுத்து அவ கையில குடுத்து, 'அழாத, அம்மாகிட்டப் பேசு'ன்னான்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எதுத்த வீட்டுக்காரிக்குச் சொல்லிச் சொல்லி ரெண்டு நாளாச் சிரிச்சோம். நீங்க ஏன் டீச்சர் சிரிக்க மாட்டேங்குறீக? பிள்ளைக வெவரமாத்தான இருக்குதுக.

அப்ப நான் சொன்னேன். 'மிருதுளா, பிள்ளை ஒனக்குத்தான். நான் மாட்டேன்னா சொன்னேன்? ஒரே ஒரு கையெழுத்து. போட்டுட்டுக் கூட்டிட்டுப் போ.' தம்பி தாளெல்லாம் அனுப்பி வச்சிருந்தான், எந்தெந்த எடத்துல போடணும்னு பென்சில்ல பெருக்கல் குறி போட்டு. அவ அந்தத் தாளப் பாத்தா, இவனப் பாத்தா. பொழுதெல்லாம் உக்காந்திருந்தா. 'ம-மதினி, நீங்க ஒரு பொ-பொ...'ன்னா. 'பொம்பளையான்னு கேக்க வந்தியா, முடி'ன்னேன். முடிக்கல.

அருப்புக்கோட்டை வந்துருச்சா? அந்தத் துண்ட எடுங்க டீச்சர், உங்க காலடியில கெடக்கு. ஆங். தலையக் குனிடா ராசா, ஒளிஞ்சு வெளையாடுவோம். சத்தம் போடக்கூடாது.

என்ன கேட்டீக? கையெழுத்துப் போட்டாளா இல்லையான்னா?

போட்டுட்டாளே. நேத்தே போட்டுட்டா. ஏழு எடத்துலயும் போட்டுட்டா. தாளு இந்தப் பைக்குள்ளதான், இவன் சட்டைக்கு அடியில மடிச்சு வச்சிருக்கேன். பென்சிலு குறியெல்லாம் அவளே உக்காந்து அழிச்சுக் குடுத்தா. 'நா-நாளைக்குப் பதினோரு மணிக்கு வர்றேன் மதினி, பிள்ளையக் குளிப்பாட்டி வைங்க'ன்னுட்டு அப்பன் வீட்டுக்குப் போனா. சரி போயிட்டு வான்னேன்.

அதுக்காக? பிள்ளையக் குடுத்துட்டா நாளைக்கே மாத்தி எழுதிக் குடுக்க மாட்டாளா? தம்பிக்கு நெரந்தர அட்டை கைக்கு வரட்டும். அதுக்கு ஒரு வருசம் ஆகுமாம், ஒண்ணரைங்கிறாக. ஆகட்டும். அதுக்குப் பெறகு பாக்கலாம். அப்ப இவனுக்கும் வெவரம் வந்துரும். யாருகிட்ட இருக்கணும்னு அவனே சொல்லுவான். குளிப்பாட்டத்தான் செஞ்சேன் டீச்சர், பாருங்க, பவுடர் வாசம் இன்னும் போகல. அவ சொன்னத நான் செய்யாம இல்ல.

எந்திரிச்சுட்டீக? இது அருப்புக்கோட்டை. நீங்க கமுதிக்குல்ல டிக்கெட்டு எடுத்தீக? டீ குடிக்கவா? அப்ப வரும்போது பிள்ளைக்கு ஒரு பால் சொல்லிட்டு வாங்க, சீனி கம்மியா. அட, பேப்பர்க் கட்டு, பையி, எல்லாத்தையும் எடுத்துட்டா போறீக? நான் பாத்துக்கிற மாட்டேனா? எங்கிட்ட நம்பி எதையும் விட்டுட்டுப் போகலாம் டீச்சர்.

சரி சரி, பாத்து எறங்குங்க. நீங்க எந்திரிச்சதும் நல்லதுதான், எடம் கெடைச்சுச்சு. படுடா ராசா, இப்படிக் கால நீட்டிப் படு. போன நெஞ்சுமேல வச்சுக்கிறியா, வச்சுக்க. மின்னுதா? மின்னட்டும். அடிச்சு அடிச்சு ஓஞ்சிருவா.